பலிக்கிறதா என்று சொல்லிவிட்டு ஊசி போடு!

புற்றுநோய்க்கு இன்று ஒரு புதுவகை மருந்து இருக்கிறது. கட்டியை நேரே தாக்காமல், நம் உடம்பிலுள்ள காவல் அணுக்களின் விலங்கைக் கழற்றி, அவற்றையே கட்டியின்மீது ஏவிவிடும் மருந்து. இதற்கு வழி கண்ட ஆலிசன், ஹோன்ஜோ என்ற இரு விஞ்ஞானிகளுக்கு 2018ல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு அவர்களுக்கு, பணம் யாருக்கு? அமெரிக்காவின் மெர்க் கம்பெனி கீட்ரூடா என்ற இந்த ஒரே மருந்தை விற்று 2024ல் மட்டும் சுமார் 2,950 கோடி டாலர் குவித்தது!

ஆனால் தோழர்களே, பல வகைப் புற்றுநோய்களில் இம்மருந்து பாதிப்பேருக்குக்கூடப் பலிப்பதில்லை. பலிக்கிறதா என்று பார்க்க வழக்கமாக இரண்டு மூன்று மாதம் கழித்தே சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல். காவல் அணுக்கள் உள்ளே புகுவதால் சிலருக்குக் கட்டி முதலில் வீங்கும். அளவை மட்டும் பார்த்தால் வெற்றியா தோல்வியா தெரியாது. அதற்குள் மூன்று நான்கு ஊசி ஏறிவிடும். அரைக்காணி விற்ற காசும் போய்விடும்.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே, அந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இங்கே உதவக்கூடும். நுண்ணிய வாயுக் குமிழிகளை ரத்தத்தில் செலுத்திக் கட்டிக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்கலாம். கட்டி இறுகியிருக்கிறதா, இளகுகிறதா என்றும் அளக்கலாம். அளவு மாறுமுன்பே இவற்றைக்கொண்டு பலனைக் கணிக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள். முடிவு இன்னும் உறுதியாகவில்லை.

“நுரையீரலுக்குள் அது எட்டிப் பார்க்காதே!” என்பார்கள் சில மேதாவிகள். உண்மைதான், காற்றும் எலும்பும் அதற்குத் தடை. ஆனால் புகையிலை போட்டு வாய்ப்புற்று கண்ட தொழிலாளிக்கு நோய் கழுத்து நெரிக்கல்லவா இறங்குகிறது? அங்கே என்ன தடை?

நாம் கேட்கிறோம்: பலிக்காத ஊசியைச் சீக்கிரம் நிறுத்தச் சொல்லும் ஆராய்ச்சியில் ஊசி விற்பவனுக்கு என்ன அக்கறை இருக்கும்? மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரியைப் பாருங்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிவோலுமாப் மருந்தை, தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, 2022ல் முடிவை வெளியிட்டார்கள். சேர்க்காதவர்களில் ஓராண்டு தாண்டி உயிரோடிருந்தோர் 100க்கு 16 பேர். சேர்த்தவர்களில் 43 பேர்! இது பொதுப்பணத்தில் நடக்கும் ஆஸ்பத்திரி.

மத்திய சர்க்கார் இத்தகைய ஆஸ்பத்திரிகளில் அல்ட்ராசவுண்ட் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கட்டும். மருந்தின் விலைக்கோ, 1970ம் வருஷப் பேட்டண்ட் சட்டத்தில் கட்டாய லைசென்ஸ் அதிகாரம் கையிலேயே இருக்கிறது. 2012ல் நெக்சாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு அதைப் பிரயோகித்தபோது, மாதம் சுமார் 2,80,000 ரூபாய் விற்ற மருந்து 8,800 ரூபாய்க்கு வந்ததே!