பாராமோட்டார் ஆசையா? முதல் காசு பயிற்சிக்கு, கடைசி காசு மோட்டாருக்கு!



போன மாசம் நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். வயசு 29, கையில் வாங்குற சம்பளம் 62,000. "அண்ணா, பாராமோட்டார் ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. செகண்ட் ஹேண்ட்ல ஒரு முழு செட் 6 லட்சத்துக்கு வருது. பெர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. எடுத்துடலாமா? ஓட்டக் கத்துக்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்கேன்."

அந்தக் கடைசி வரியைப் படிச்சதும்தான் எனக்குப் பகீர்னு ஆச்சு. ஏன்னா மூணு வருஷம் முன்னாடி நானும் கிட்டத்தட்ட இதே வரியைச் சொன்னவன்தான்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். லோன் எடுக்க வேண்டாம். அந்த செட்டும் இப்போ வேண்டாம். ஆனா ஆசையை விட வேண்டாம். பாராமோட்டார் பணக்காரங்களுக்கு மட்டும்தான்னு நான் நினைக்கல. சரியான வரிசையில் செலவு பண்ணினா சம்பளக்காரனும் பறக்கலாம். பெரும்பாலானவங்க அந்த வரிசையைத் தலைகீழா பண்றாங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பாராகிளைடிங் பார்த்திருப்பீங்க, மலை உச்சியிலிருந்து துணி விங்கோட ஓடிக் குதிச்சுப் பறப்பாங்க. அதே மாதிரி ஒரு விங், கூடவே முதுகில் ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின், அதைச் சுத்தி ஒரு வளையக் கூண்டு, பின்னாடி புரொப்பெல்லர். இதுதான் பாராமோட்டார். மலை தேவையில்லை, சமதரையிலிருந்தே ஓடி எழும்பலாம். வெளிநாட்டில் புது செட் எடுத்தால் மோட்டாரும் விங்கும் சேர்ந்து ஏறத்தாழ 10,000 டாலர் ஆகும். இங்கே இறக்குமதி பண்ணினா வரி, ஷிப்பிங் எல்லாம் அதுக்கு மேல.

நான் பண்ணின 95,000 ரூபாய் தப்பு

மூணு வருஷம் முன்னாடி ஆன்லைனில் ஒரு பழைய விங் பார்த்தேன். விலை 95,000. என் எடை 74 கிலோ. விங்கின் எடை வரம்பு 75 முதல் 95 கிலோ வரைன்னு போட்டிருந்தது. விற்கிறவர், "உங்க வெயிட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும் சார்"னு சொன்னார். கிரெடிட் கார்டில் 12 மாச ஈ.எம்.ஐ. போட்டு வாங்கிட்டேன்.

நாலு மாசம் கழிச்சு, அந்த விங்கைத் தூக்கிக்கிட்டு பயிற்சிக்குப் போனேன். பயிற்சியாளர் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி: "மோட்டாரோட சேர்த்து மொத்தம் எத்தனை கிலோ வரும்?" எனக்கு பதில் தெரியல. அவரே ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினார்.

என் எடை 74. ஹார்னஸோடு மோட்டார் 27. பத்து லிட்டர் பெட்ரோல் ஏழரை. விங் ஐந்தரை. ஹெல்மெட், ஷூ, உடைகள் 3. ரிசர்வ் பாராசூட் 2. கூட்டினா 119 கிலோ!

விங்கில் போட்டிருக்கும் எடை வரம்பு உங்க உடம்பு எடை இல்லை. விங்கையும் சேர்த்து, தரையை விட்டு மேலே போற எல்லாத்தோட எடையும் அதில் அடங்கும். 95 கிலோ வரை சோதிக்கப்பட்ட விங்கில் 119 கிலோ ஏத்தினா, அது வேகமாப் பறக்கும், வேகமா இறங்கும், காற்றில் மடங்கினா முரட்டுத்தனமா நடந்துக்கும். எந்தச் சோதனையும் அந்த எடையில் நடந்திருக்காது. அந்தச் சோதனையை நான்தான், என் உடம்பை வெச்சு, பண்ணியிருப்பேன்.

அதோட முடியல. துணியில் காற்று எவ்வளவு கசியுதுன்னு பார்க்கிற போரோசிட்டி டெஸ்ட் பண்ணினார். ஃபெயில். வெயிலில் கிடந்து துணி நைஞ்சு போயிருந்தது. மோட்டார் இல்லாம பறக்கக்கூட லாயக்கில்லை, தரையில் பழகிறதுக்கு மட்டும் வெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டார். அப்போ இன்னும் எட்டு மாச ஈ.எம்.ஐ. பாக்கி இருந்தது.

95,000 போனது வலிச்சது. ஆனா பயிற்சிக்குப் போகாம யூட்யூப் பார்த்தே பழகியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா, அது மலிவான பாடம்தான்.

வரிசை 1: முதல்ல பயிற்சி

மோட்டார் இல்லாத பாராகிளைடிங்கில் ஆரம்பிக்கிறது நல்லது. மும்பைக்கும் புனேவுக்கும் நடுவில் இருக்கிற காம்ஷெட், இமாச்சலில் இருக்கிற பீர், இந்த ரெண்டும் இந்தியாவில் பாராகிளைடிங் கத்துக்கிறவங்க அதிகம் போற இடங்கள். பீர்-பில்லிங்கில் 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது. விங்கைக் கையாள அங்கே பழகிட்டு, அப்புறம் மோட்டார் பயிற்சிக்குப் போகலாம்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது ஃபீஸைக் கேக்கிறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க:

- பயிற்சியாளருக்கு ஆப்பி மாதிரி ஒரு அமைப்பின் சான்று இருக்கா?
- முதல் தனிப் பறப்புக்கு முன்னாடி தரையில் எத்தனை மணி நேரம் விங்கைப் பழக விடுவாங்க?
- ரேடியோவில் பேசி வழிநடத்துவாங்களா?
- காற்று சரியில்லாத நாள் வீணானா, அந்த நாளைத் திரும்பத் தருவாங்களா?
- எந்த அனுமதியின் பேரில் அந்த இடத்தில் பறக்கிறாங்க? எழுத்தில் காட்டுவாங்களா?

கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க. ஆகாயம் டி.ஜி.சி.ஏ. கட்டுப்பாட்டில் இருக்கு. காலியா ஒரு மைதானம் இருக்கேன்னு கிளம்பிட முடியாது. சென்னையைச் சுத்தியே பாருங்க: மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம், அரக்கோணம் கடற்படை விமானத் தளம், ஈ.சி.ஆர். பக்கம் போனா கல்பாக்கம் அணுமின் நிலையம். கோயம்புத்தூர்னா சூலூர். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 நெருங்கினா, டெல்லி மாதிரி நகரங்களில் பாராகிளைடர், பாராமோட்டார், டிரோன் எல்லாத்துக்கும் போலீஸ் தடை போடுவாங்க. பறக்க இடம் எதுன்னு முடிவாகாம 6 லட்சத்துக்கு செட் வாங்குறது, ரோடே இல்லாத ஊரில் கார் வாங்குற மாதிரி.

பயிற்சி இன்னொண்ணையும் சொல்லிக் கொடுக்கும்: எப்போ பறக்கக் கூடாதுன்னு. உச்சி வெயிலில் தரை சூடாகி காற்று குமுறும். அதனால் புதுசா பறக்கிறவங்க அதிகாலையிலும் சாயங்காலத்திலும்தான் பறப்பாங்க. கடலுக்கு மேல பறக்கிறது வீடியோவில் அழகா இருக்கும், ஆனா எஞ்சின் நின்னு தண்ணியில் விழுந்தா முதுகில் இருக்கிற மோட்டாரே உள்ளே இழுக்கும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது சுத்துற புரொப்பெல்லரில் கை பட்டு விரல் போனவங்க உண்டு. பாராமோட்டாரில் அடிக்கடி நடக்கிற பெரிய காயமே இதுதான், அதுவும் தரையில் நிற்கும்போதே. இதெல்லாம் பத்து நிமிஷ வீடியோவில் பதியாது.

வரிசை 2: அப்புறம் விங்

பயிற்சி முடியும்போது உங்க மொத்தப் பறக்கும் எடை தெரிஞ்சிருக்கும். அதுக்குப் பிறகு விங் பாருங்க. ஓசோன், டூடெக், நிவியுக்னு நல்ல பிராண்டுகள் நிறைய இருக்கு. பிராண்டைப் பத்தி ராத்திரி முழுக்க யோசிக்காதீங்க. மூணு விஷயம் பார்த்தா போதும்.

முதல் விஷயம் சான்று. ஐரோப்பிய ஈ.என். தரத்தில் ஏ, பி, சி, டின்னு நாலு வகுப்பு. ஏ ரொம்பச் சாது, டி போட்டிக்காரங்களுக்கு. உங்களுக்கு ஏ, மிஞ்சிப் போனா பயிற்சியாளர் சம்மதிச்ச ஒரு பி. 'ரிஃப்ளெக்ஸ்' விங்னு வேகமா போற வகை ஒண்ணு இருக்கு. டிரிம்மரைத் திறந்து வேகமா போகும்போது அதை ஓட்டுற முறையே வேற. முதல் விங்கா அதன் வேகமான மாடல்களைத் தொடாதீங்க.

ரெண்டாவது எடை வரம்பு. என் கதையைத்தான் சொல்லிட்டேனே. சில விங்குகளுக்கு மோட்டாரோடு பறக்கத் தனி வரம்பு கொடுத்திருப்பாங்க, அதைப் பாருங்க.

மூணாவது வயசு. ஒரு விங் பொதுவா 300 மணி நேரம் வரை தாங்கும்னு ஒரு கணக்கு சொல்வாங்க. அதுவும் வெயிலில் காயப் போடாம பார்த்துக்கிட்டா. செகண்ட் ஹேண்ட் வாங்குறதில் தப்பே இல்லை. ஆனா துணியின் போரோசிட்டி, கயிற்றின் பலம் ரெண்டையும் சோதிச்ச சமீபத்திய ரிப்போர்ட் இல்லாம ஒரு ரூபாய்கூட கொடுக்காதீங்க. "ரெண்டு தடவைதான் பறந்தது சார்" என்பது ரிப்போர்ட் இல்லை.

இங்கே ஒரு நிதிக் கணக்கும் இருக்கு. 3 லட்சம் போட்டு வாங்கின விங்கை 300 மணி நேரம் ஓட்டினா, மணிக்கு 1,000 ரூபாய். ஆனா நீங்க வருஷத்துக்கு 10 மணி நேரம் மட்டும் பறந்து, ஆறு வருஷத்தில் துணி பழசாகித் தூக்கிப் போட்டா, 60 மணி நேரத்துக்கு 3 லட்சம். மணிக்கு 5,000! வாங்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி, "வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் நிஜமாவே பறப்பேன்?" சனி, ஞாயிறு லீவு, பறக்க ஏத்த சீசன், இடத்துக்குப் போற தூரம் எல்லாம் கழிச்சுப் பாருங்க. எண்ணிக்கை ரொம்பக் குறைவா வந்தா, பள்ளியின் விங்கை வாடகைக்கு எடுத்துப் பறக்கிறதே லாபம்.

விங் பட்ஜெட்டிலேயே ரிசர்வ் பாராசூட்டையும் ஹெல்மெட்டையும் சேர்த்துடுங்க. மிச்சம் இருந்தா வாங்குற பொருள் இல்லை அவை.

வரிசை 3: கடைசியா மோட்டார்

மோட்டார் பெரிசா இருந்தா நல்லதுன்னு ஒரு நினைப்பு. இத்தாலியின் விட்டோராசி கம்பெனியையே எடுத்துக்கோங்க: ஆட்டம் 80ன்னு சின்ன எஞ்சின் இருக்கு, மோஸ்டர் 185ன்னு பெரிய எஞ்சினும் இருக்கு. ஒல்லியா இருக்கிறவங்களுக்குச் சின்னதே போதும். எடை குறைவு, முதுகு தப்பிக்கும், பெட்ரோலும் குறைவு. எடை கூடினவங்களுக்குப் பெரியது தேவைப்படலாம். எது உங்களுக்குன்னு பள்ளியின் மோட்டாரை மாட்டிக்கிட்டு ஓடிப் பார்த்தா முதுகே சொல்லிடும்.

வாங்கும்போது விலையை விட முக்கியம், ஸ்பேர் எங்கே கிடைக்கும்ங்கிறது. கத்துக்கிற காலத்தில் தடுமாறி விழுந்து புரொப்பெல்லர் உடையறது சகஜம். அதுக்கு ரெண்டு மாசம் காத்திருந்தா, சீசனே போயிடும்.

லோன் கணக்கு

மெயில் அனுப்பின தம்பிக்கு வருவோம். 6 லட்சம், 14 சதவீதம், அஞ்சு வருஷம். ஈ.எம்.ஐ. சுமார் 13,960. மொத்தமா கட்டுறது கிட்டத்தட்ட 8.38 லட்சம். வட்டி மட்டும் 2.38 லட்சம். சம்பளத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் வருஷா வருஷம் விலை இறங்குற ஒரு பொருளுக்கு.

அதே 13,960-ஐ மாசா மாசம் ஆர்.டி.யில் போடுங்க. எட்டு மாசத்தில் 1,11,680. அதை வெச்சுப் பயிற்சிக்குக் கிளம்புங்க. ஃபீஸோட டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதுக்குள்ள பட்ஜெட் போடுங்க. லீவையும் சேமிச்சு வெச்சுக்கோங்க, சம்பளம் பிடிச்சா அதுவும் செலவுதான். திரும்பி வந்தும் ஆசை குறையலைன்னா, மறுபடி சேர்த்து விங். மோட்டார் அதுக்கும் அடுத்து. அஞ்சு வருஷ லோன் முடியிற நேரத்தில், கடன் இல்லாம, ஒழுங்காப் பறக்கத் தெரிஞ்சவரா இருப்பீங்க. பயிற்சியிலேயே "இது நமக்கு ஒத்து வராது"ன்னு தோணினா, மிச்சப் பணம் பத்திரமா இருக்கும்.

கிளம்புறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸைப் பாருங்க. ஹெல்த் பாலிசிகளில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்கு ஒண்ணு இருக்கு. சாகச விளையாட்டில் தொழில்முறையா ஈடுபட்டு அடிபட்டா கிளெய்ம் கிடையாதுன்னு அது சொல்லுது. பொழுதுபோக்காப் பறக்கிறவருக்கு எப்படின்னு உங்க கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்க. விபத்துக் காப்பீட்டில் சாகச விளையாட்டையே மொத்தமா ஒதுக்கியிருக்கலாம், பாலிசியைத் திறந்து படிங்க. டெர்ம் இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டான்னு கேட்டா மறைக்காதீங்க. பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். மறைச்சா, பணம் தேவைப்படும்போது அலையப் போறது உங்க அம்மாவோ மனைவியோதான். ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி இல்லாதவங்க, இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிட்டு அதை முதல்ல சேருங்க.

என் நிலைமை? அந்த 95,000 விங்கில் தரையில் மட்டும் நிறைய நாள் பழகினேன். அப்புறம் சான்று, எடை, ரிப்போர்ட் எல்லாம் பார்த்து வேற விங் வாங்கினேன், மொத்தப் பணமும் கையில் சேர்ந்த பிறகு. மோட்டார் இன்னும் சொந்தமா இல்லை, பள்ளியுடையதுதான். முதல் தடவை தனியா எழும்பினப்போ கீழே வயலும் வாய்க்காலும் விலகிப் போச்சு. மனசில் பயம் இருந்தது. ஆனா அடுத்த மாச ஈ.எம்.ஐ. ஞாபகம் இல்லை. அந்த நிம்மதியோடதான் நீங்களும் பறக்கணும்.

தம்பி, அந்த செட்டை விடுங்க. விற்கிறவங்க எப்பவும் இருப்பாங்க. பயிற்சிக்குத் தேதி பாருங்க.