முதல் காமிரா: கடைக்குப் போகும் முன் கூடத்தைப் பாருங்கள்!

"குழந்தையைப் படம் எடுக்க ஒரு நல்ல காமிரா வாங்கணும். எதை வாங்கலாம்?" இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. எங்கள் வீட்டில் பல வருஷங்களாக ஒரு டி.எஸ்.எல்.ஆர். காமிரா இருப்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இந்த மரியாதை!

பெயரைக் கேட்டு மிரளாதீர்கள், சகோதரிகளே. விஷயம் சுலபம்தான். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை, உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடி மேலே திருப்பி, நாம் கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி 'டக்'கென்று மேலே போகும், ஷட்டர் திறக்கும். அந்தக் காலத்தில் பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்ஸார் இருக்கிறது. அதில் படம் விழும். லென்ஸைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றை மாட்டிக்கொள்ளலாம் என்பது கூடுதல் சௌகரியம்.

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணுக்கு ஒன்றரை வயசில் ஒரு பிள்ளை. ரவிக்கை தைத்துத் தைத்து 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தாள். ஒருநாள் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, சாயங்காலம் வீட்டுக்குள்ள எடுத்தா இவன் முகமே சரியா விழ மாட்டேங்குது. ஓடினான்னா வெறும் புகை மாதிரி வருது. அவர் என்னடான்னா, 'போன்தான் இருக்கே, அது போதாதா'ங்கறார். நான் என்ன சொல்றது?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், மொட்டை மாடியிலோ பூங்காவிலோ எடுப்பதற்குப் போன் தாராளமாகப் போதும். அந்தப் படங்களுக்காக மட்டும் காமிரா வாங்கினால் அது தண்டச் செலவுதான். ஆனால் இவள் சொன்ன கஷ்டம் வேறு. அது வெளிச்சப் பஞ்சம்! போனில் இருக்கும் சென்ஸார் சின்னது. டி.எஸ்.எல்.ஆரில் இருப்பது அதைவிடப் பல மடங்கு பெரியது; ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் நீளம், 15 மில்லிமீட்டர் அகலம். மழைத் தண்ணீரை டம்ளரில் பிடிப்பதற்கும் அண்டாவில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"காமிரா எது என்பது அப்புறம். முதலில் உன் போனில் கடைசியாக எடுத்த நூறு படத்தைப் பார்த்து, எங்கே எடுத்தாய், எத்தனை மணிக்கு எடுத்தாய் என்று எழுதிக்கொண்டு வா" என்றேன்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தாள். நூற்றில் எழுபதுக்கு மேல் வீட்டுக்குள் எடுத்தவை. அதிலும் பாதிக்கு மேல் விளக்குப் போட்ட பிறகு. தூரத்தில் இருக்கும் எதையும் அவள் எடுக்கவே இல்லை. இந்த ஒரு பக்கம் அவளுக்கு எவ்வளவு உபயோகப்பட்டது தெரியுமா?

கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "இரட்டை லென்ஸ் செட் எடுத்துக்குங்க மேடம். தூரத்தில் இருக்கிற பறவை கூடக் கிட்டத்தில் தெரியும். தவணை வசதியும் உண்டு" என்றார். அவர் வியாபாரத்தை அவர் பார்க்கிறார். இவள் நோட்டை ஒரு தடவை பார்த்தாள். "பறவை வேண்டாங்க. இருட்டுக் கூடத்தில் ஓடுற குழந்தையை எடுக்கணும்" என்றாள். அப்படிக் கேட்டதும் அவரும் வேறு மாதிரி பேச ஆரம்பித்தார்!

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கைக் கவனிக்க வேண்டும். லென்ஸின் மேல் 3.5, 5.6, 1.8 என்று ஏதாவது எண் எழுதியிருக்கும். அது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கிறது. எண் சின்னதாக இருந்தால் வாய் பெரிது. காமிராவோடு சேர்த்துக் கொடுக்கும் 18-55 லென்ஸை 55 வரை நீட்டினால், அந்த எண் 5.6-க்குப் போய்விடும். 50 மில்லிமீட்டர், 1.8 என்று ஒரு சின்ன லென்ஸ் தனியாகக் கிடைக்கிறது. அது அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். சாயங்காலக் கூடத்தில் ஓடும் குழந்தையின் முகம் தெளிவாக விழ வேண்டுமானால் உதவி செய்யப்போவது இதுதான். 18 மெகாபிக்ஸலா, 24 மெகாபிக்ஸலா என்பதை எண்ணி ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆல்பத்தில் ஒட்டும் படத்துக்கு இரண்டுமே ஏராளம்.

அதற்காக அன்றைக்கே அந்த லென்ஸையும் வாங்கிவிடாதீர்கள். 18-55 லென்ஸின் வளையத்தை 50-இல் நிறுத்தி, உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று பாருங்கள். மாடி வீட்டில் பார்த்தோம். எட்டடி தள்ளி நின்று காமிராவை நிமிர்த்திப் பிடித்தால், பிள்ளை தலை முதல் கால் வரை அடங்கினான். ஆனால் மாமனார், மாமியார் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தால் நம் முதுகு சுவரில் முட்டுகிறது! கூட்டமாக எடுக்க 18-55, குழந்தையைத் தனியாக எடுக்க 50 என்று அவளே தீர்மானம் பண்ணினாள். உங்கள் கூடம் இன்னும் சின்னது என்றால் 35 மில்லிமீட்டர் பொருத்தமாக இருக்கும். நிக்கானில் 35, 1.8 என்றே ஒரு லென்ஸ் உண்டு.

நிக்கான் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி3500, டி5600 போன்ற ஆரம்ப காமிராக்களுக்குள் போகஸ் பண்ணும் மோட்டார் கிடையாது. லென்ஸில் 'ஏ.எஃப்-எஸ்' அல்லது 'ஏ.எஃப்-பி' என்று போட்டிருந்தால்தான் அது தானாக போகஸ் பண்ணும். விலை மலிவாக இருக்கிறதே என்று பழைய 'டி' ரக 50 லென்ஸை வாங்கினால், கையால்தான் திருகிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் குழந்தை அடுப்படிக்குப் போய்விடும்! கேனனில் இந்தத் தொல்லை இல்லை. அதன் ஆரம்ப டி.எஸ்.எல்.ஆர்.களில் 'இ.எஃப்', 'இ.எஃப்-எஸ்' இரண்டு ரக லென்ஸும் பொருந்தும்.

"டி.எஸ்.எல்.ஆர். காலம் முடிஞ்சு போச்சாமே அக்கா?" என்றும் கேட்டாள். கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு இந்த ரகத்தில் புது மாடல் கொண்டுவரவில்லை என்பது உண்மைதான். உள்ளே கண்ணாடி இல்லாத 'மிர்ரர்லெஸ்' காமிராக்களுக்கு மாறிவிட்டார்கள். கையில் பணம் இருந்தால் அதையே வாங்கலாம், தப்பில்லை. ஆனால் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற நமக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. எத்தனையோ பேர் புதுசுக்கு மாறுகிறார்கள். அதனால் அதிகம் உழைக்காத டி.எஸ்.எல்.ஆர்.கள் இரண்டாம் கையாகக் குறைந்த விலைக்கு வருகின்றன. நாளைக்கு நீங்களே மிர்ரர்லெஸ் வாங்கினாலும், இடையில் ஒரு அடாப்டர் மாட்டினால் கேனனின் இ.எஃப் லென்ஸும் நிக்கானின் ஏ.எஃப்-எஸ் லென்ஸும் அவரவர் கம்பெனிக் காமிராவில் வேலை செய்யும். லென்ஸில் போட்ட பணம் வீண் போகாது.

பழைய காமிராவைக் கத்திரிக்காய் பொறுக்குவது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். வெள்ளைச் சுவரை 16 என்ற எண்ணில் வைத்து ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளிகள் விழுந்தால் சென்ஸாரில் தூசி என்று அர்த்தம். சுத்தம் பண்ணிக் கொடுக்கச் சொல்லலாம். இதுவரை எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி3500-இன் ஷட்டர் 1,00,000 தடவைக்குச் சோதித்தது. நிக்கானில் எடுத்த அசல் படத்தின் விவரக் குறிப்பிலேயே இந்த எண்ணிக்கை பதிந்திருக்கும். பில்லில் உள்ள வரிசை எண்ணும் காமிராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

கடைசியாக, கையில் பிடித்துப் பாருங்கள். அதுவும் எப்படி? இடது இடுப்பில் குழந்தையோடு! டி3500 பாட்டரியோடு 415 கிராம், கேனன் 200டி 453 கிராம். லென்ஸின் கனம் தனி. மணிக்கட்டு வலித்தால் அந்தக் காமிரா பீரோவில்தான் தூங்கும். கண்ணாடி போடுகிறவர்கள், பார்க்கும் துளையின் பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தைத் திருப்பி, உள்ளே எழுத்துகள் பளிச்சென்று தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாடி வீட்டுப் பெண் 18-55 லென்ஸோடு ஒரு பழைய 200டி வாங்கினாள். ஒரு மாதம் பழகிய பிறகு 50 லென்ஸையும் வாங்கிக்கொண்டாள். தவணை இல்லை, கடன் இல்லை. எல்லாம் அந்த 40,000-க்குள்ளேயே முடிந்தது. போகிற குழந்தைக்கு ஷட்டர் வேகத்தை 250-இல் ஒரு பங்கு விநாடியில் வை, ஐ.எஸ்.ஓ.வைக் காமிராவே பார்த்துக்கொள்ளும்படி விடு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். இப்போது விளக்குப் போட்ட பிறகும் பிள்ளையின் முகம் தெரிகிறது.

வாங்கிய பிறகு பட்டுப் புடவையோடு பீரோவில் வைத்துவிடாதீர்கள். அந்துருண்டையும் கற்பூரமும் காமிராவுக்கு ஆகாது. இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்து உபயோகியுங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். காமிரா எப்போதும் அம்மா கையிலேயே இருந்தால், ஆல்பத்தில் குழந்தை இருக்கும், அப்பா இருப்பார், பாட்டி இருப்பார். அம்மா மட்டும் இருக்க மாட்டாள்! அதனால் 'ஆட்டோ'வில் வைத்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று வீட்டுக்காரருக்கும் முதல் நாளே கற்றுக்கொடுத்துவிடுங்கள். பத்து விநாடி டைமர் எப்படிப் போடுவது என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பிள்ளை பெரியவனாகி ஆல்பத்தைப் புரட்டும்போது, தன்னைத் தூக்கி வளர்த்த கைகளையும் அதில் பார்க்க வேண்டாமா?