அடுப்படியின் கடைசிப் பங்கு

சாத்தூருக்கு அருகிலுள்ள அச்சங்குளம் என்ற சிற்றூரின் பெயரை நாடு அறிந்துகொண்டது, 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அங்கே பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதுதான். அவ்வூரிலும் அதைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களிலும் பட்டாசு வேலைக்குப் போய்வரும் ஸ்திரீகள் மாலையில் வீடு திரும்பி என்ன உண்கிறார்கள் என்று விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. விசாரிப்பது அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

மழை குறைந்த வறண்ட பூமியாதலால் இத்தொழில் இங்கே வேரூன்றிற்று. ஆகவே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், சரக்கை உலர்த்த வெயிலின்றி வேலை தடைப்படுகிறது; தீபாவளி கழிந்தபின்னோ ஆலைகள் சில காலம் பூட்டியே கிடக்கின்றன. கூலி சுருங்குகிற அதே காலத்தில்தான் ஈரக்காற்றும் மார்கழிப் பனியும் வந்து, உடம்பு சூடாக ஏதேனும் கேட்கிறது.

அப்படிக் கேட்கும் உடம்புக்கு நம் பெரியவர்கள் கொடுத்தது, மிச்சங்களைக் கொண்டே வைத்த சாறு. உழவு மாட்டுக்குக் காணம் என்னும் கொள்ளை அவித்த வீட்டில், அவித்த நீரைக் கீழே கொட்டாமல், புளியும் மிளகும் பூண்டும் சேர்த்து ரசம் வைத்தார்கள். பருப்பு வெந்த நீர், சோறு வடித்த கஞ்சி, முந்தின வேளை ஆய்ந்ததில் எஞ்சிய முருங்கைக்கீரை, மிஞ்சிய ஒரு பிடி சோறு ஆகிய யாவற்றையும் ஒரே பானையில் இட்டு, தட்டிய மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் கூட்டிக் கொதிக்கவிட்டு, நல்லெண்ணெயில் கடுகும் வற்றல் மிளகாயும் தாளித்து இறக்கினால், வேகும்போது நீரில் கரைந்துவிடும் பி வகை வைட்டமின்கள் வாய்க்காலுக்குப் போகாமல் வயிற்றுக்கே வந்து சேரும். குக்கர் வந்தபின் வடிகஞ்சி என்ற பதார்த்தமே பல வீடுகளில் மறைந்தது. உறையில் விற்கும் சூப்புப் பொடி அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது பெரிய நஷ்டமே. நெடுநேரம் திறந்து கிடந்து மணம் மாறிய சோற்றை மட்டும் இந்தச் சாற்றில் சேர்க்கலாகாது. எவ்வளவு கொதித்தாலும் அதன் விஷம் முற்றும் நீங்குவதில்லை.

எனினும் என் மனத்தை அதிகமாக வருத்துவது வேறொன்று. மிஞ்சியது வீணாகக் கூடாது என்ற உத்தமமான குணம், நடைமுறையில், புருஷனும் பிள்ளைகளும் உண்டு எழுந்தபின் சட்டியின் அடியில் ஒட்டியதை வீட்டுப் பெண் ஒருத்தியே வழித்து உண்பது என்று ஆகிவிட்டது. பகலெல்லாம் பட்டாசு மருந்துத் தூளில் உட்கார்ந்து கூலி கொண்டுவந்தவளும் அவள்தான். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதைக் காட்டிற்று. சட்டியை வழிக்கும் வழக்கத்துக்கு இதில் பங்கே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

இத்தாலியின் தஸ்கனிப் பிரதேசத்தில், ஏழைக் குடியானவர்கள் காய்ந்த ரொட்டியையும் மிஞ்சிய அவரை, கீரை வகைகளையும் மறுபடி கொதிக்கவைத்து உண்ட ரிபொலீத்தா என்ற சூப்பு, இன்று அந்நாட்டு உணவு விடுதிகளில் பெருமையுடன் பரிமாறப்படுகிறது. காணச் சாறும் கஞ்சிச் சாறும் அந்தக் கௌரவத்துக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. அவற்றைத் தரித்திரத்தின் அடையாளமென்று மறைத்துவைப்பதை விட்டு, வீட்டிலுள்ள அனைவரும் கூடி உட்காரும் வேளையில், சோற்றுக்கும் முன்பாக, ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றவேண்டும்.

அதை வைக்கும் பொறுப்பும் அவள் தலையிலேயே விழவேண்டிய நியாயமில்லை. மாலையில் முதலில் வீடு வந்து சேருகிற ஆண்பிள்ளை, கணவனாயினும் மகனாயினும், அடுப்பை மூட்டிப் பானையை ஏற்றி, ஆலை வேனிலிருந்து இறங்கி வருகிறவளுக்கு முதல் அகப்பையை ஊற்றட்டும். மிளகு போதாவிட்டால் அவளே சொல்லிக்கொடுப்பாள்.