டிராயருக்குள் இருக்கும் டைரக்டரம்மா

அன்னூரில் நான் கணக்கெழுதிய ஆடிட்டர் ஆபீசில் ஒரு மேசை டிராயர் உண்டு. இழுத்துத் திறந்தால் பென்டிரைவ் மாதிரி முப்பது நாற்பது டோக்கன்கள் கிடக்கும். எல்லாம் டிஜிட்டல் கையெழுத்துகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பெயரும் ரகசிய எண்ணும் பேனாவால் எழுதியிருப்போம். பாதிக்கு மேல் பெண்கள் பெயர்தான். அத்தனை பேரும் சுற்றுவட்டார மில், தறி, ஃபவுண்டரி கம்பெனிகளின் டைரக்டர்கள். தன் டோக்கன் எந்த நிறத்தில் இருக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்களில் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம்.

அதனால்தான், "போர்டில் ஒரு பெண் இருந்தால் போதும், கம்பெனிக்குப் புதுமை தானாக வரும்" என்று மேடையில் யாராவது சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. தொழிலதிபர் கூட்டங்களில் இந்தப் பேச்சுக்குக் கைதட்டல் நிச்சயம். அது உண்மையானால் இந்தியாவிலேயே புதுமையில் முதலிடம் கொங்கு நாட்டுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டாவது பெயர் இங்கே பெரும்பாலும் வீட்டுக்காரம்மாவுடையது. தலையை மட்டும் எண்ணினால் எங்கள் ஊர்ப்பக்கம் போர்டில் பாதி பெண்கள். ஆனால் அப்பா ஓட்டிய அதே கவுண்ட் நூலைத்தான் மகனும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

பெரிய கம்பெனிகளின் கதையும் இதிலிருந்து ரொம்பத் தள்ளியில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு பெண் டைரக்டராவது இருக்க வேண்டும் என்றது 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். 2015 ஏப்ரலுக்குள் ஆளைப் போடு என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கெடு வைத்தது. கெடு நெருங்க நெருங்க முதலாளிகளின் மனைவியும் மகளும் தங்கையும் போர்டுக்கு வந்து சேர்ந்தார்கள். குடும்பத்தைச் சேராத சுயேச்சையான பெண் ஒருவராவது வேண்டும் என்று பின்னால் செபியே சொல்ல வேண்டிவந்தது. அந்த விதி முதல் 500 கம்பெனிகளுக்கு 2019-லும், முதல் 1,000 கம்பெனிகளுக்கு 2020-லும் நடைமுறைக்கு வந்தது.

அதே 2020-ல் சென்னையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். முருகப்பா குழுமத்தின் எம்.வி. முருகப்பன் 2017-ல் காலமானார். அவருக்கு மகன் இல்லை, இரண்டு மகள்கள். மூத்தவர் வள்ளி அருணாசலம் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்காவில் பல ஆண்டு வேலை பார்த்தவர். குடும்பத்தின் முதலீட்டுக் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அவர்கள் கிளைக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தது. போர்டில் ஓர் இடம் கேட்டார். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாக்குகள் எதிராக விழுந்தன. பெண் என்பதால்தான் மறுக்கிறார்கள் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். 2023-ல் குடும்பத்துக்குள் சமரசம் ஆயிற்று.

டோக்கனை டிராயரில் போட்டுவிட்டுப் போகிற பெண்ணுக்குப் போர்டில் நாற்காலி உண்டு, படித்துவிட்டுப் பேச வருகிற பெண்ணுக்கு ஓட்டெடுப்பு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாரும் "ஒரு பெண் இருந்தால் போதும்" என்று சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் எத்தனை பேர் வேண்டும்? பொதுப் பங்கு நிறுவனங்களின் போர்டில் நாற்பது சதவீதம் பெண்கள் வேண்டும் என்று 2003-லேயே சட்டம் போட்ட நாடு நார்வே. அங்கே 317 நிறுவனங்களை எடுத்து ஆராய்ந்த மரியாதெரேசா தோர்க்கியா முதலான மூவர் 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குறைந்தது மூன்று பெண்களாவது இருக்கும் போர்டில்தான் நிறுவனம் வேலைசெய்யும் முறையில் புதுமை கூடுகிறது என்று கண்டார்கள். தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை மற்றவர்கள் 'லேடி மெம்பர்' என்றுதான் பார்ப்பார்கள். மூன்று பேரானால்தான் சொல்வது காதில் விழுகிறது. நம் சட்டமோ ஒன்றோடு நின்றுவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு பெண்ணின் கையெழுத்துக்கு இரண்டு வேலை உண்டு. பிறந்த வீட்டில் விடுதலைப் பத்திரம். தமிழ்நாட்டில் 1989 முதலே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு உண்டு. ஆனாலும் "சீர் செஞ்சாச்சல்ல" என்று சொல்லிச் சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீசில் எழுதி வாங்கிவிடுவார்கள். புகுந்த வீட்டில் பேங்க் கடனுக்கு கியாரண்டி. கடன் கட்டாவிட்டால் நோட்டீஸ் அவர் பெயருக்கும் வரும். செக் திரும்பினால் கோர்ட் சம்மனும் வரலாம். வில்லங்கம் முழுவதும் அவருக்கு, முடிவில் மட்டும் பங்கில்லை. பெயர்தானே, என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்கள் அந்த நோட்டீஸைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

நூல் மில் வைத்திருந்த ஒரு குடும்பம். அந்த வீட்டம்மா பத்து வருஷம் கோன் வைண்டிங்கில் பெண்களோடு நின்று வேலை வாங்கியவர். எந்த லாட் பஞ்சில் நூல் அதிகம் அறுகிறது என்று குவாலிட்டி ரிப்போர்ட் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் கழிக்கும் வெட்டுத்துணியை வாங்கி நிறம் பிரித்து ஓட்டினால் சாயமே இல்லாமல் கலர் நூல் வரும், ஒரு மிஷினை மட்டும் அதற்கு விடலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். "வேஸ்ட் யாவாரத்துக்கா மில்லு கட்டுனோம்" என்று கொழுந்தனார் அவர் வாயை அடைத்துவிட்டார். நாலு வருஷம் கழித்துப் பக்கத்து மில்லில் கலர் நூல் ஓட ஆரம்பித்தது. இவர்கள் மில்லில் இரண்டு ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகியிருந்தது. அந்த அம்மா சொன்னது எந்தப் போர்டு மீட்டிங் மினிட்ஸிலும் இல்லை. மினிட்ஸை எழுதியது நான்தான், மீட்டிங்கே நடக்காமல்.

"அவங்களே வேண்டாங்கறாங்க" என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல, முதலில் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டுமே. "நம்மூர்லயும் ராஜஸ்ரீ பதி இருக்காங்க, பிரிக்கால் கம்பெனி வனிதா மோகன் இருக்காங்க" என்பார்கள். இருக்கிறார்கள், எனக்கும் பெருமைதான். அப்பா காலமானபின் சர்க்கரை ஆலையைக் கையில் எடுத்து நடத்தியவர் ராஜஸ்ரீ பதி, 2013-ல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆனால் இத்தனை ஆயிரம் கம்பெனிகள் உள்ள கொங்கு நாட்டில் விரல்விட்டு எண்ணி நாலு பெயரைச் சொல்கிறோம் என்றால் அது வெட்கப்பட வேண்டிய சங்கதி. இன்னொன்றும் கேட்கிறேன். மகனை டைரக்டராக்கும்போது, இவன் வந்தால் புதுமை வருமா என்று யாராவது ஆராய்ச்சிக் கட்டுரை கேட்டதுண்டா? மகளிடம் மட்டும் ஏன் லாபக்கணக்குக் கேட்கிறீர்கள்?

ஒரு நாள் மத்தியானம் அந்த மில்லம்மா தனியாக ஆபீசுக்கு வந்தார். "என்ற பேர்ல எத்தன கடன் இருக்குதுங்க?" என்றார். பட்டியலை எடுத்துக் காட்டினேன். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு, "என்ற கையெழுத்து உங்ககிட்ட இருக்குதாமே, குடுங்க" என்றார். டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஸ்டிக்கரில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அதை எப்படி மாற்றுவது என்று கேட்டார். அங்கேயே உட்கார்ந்து மாற்றிக்கொண்டு, டோக்கனை மணிபர்ஸில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வருஷம் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய அவர் வீட்டுக்காரர் என்னிடம் போனில் அந்த ரகசிய எண்ணைக் கேட்டார். இல்லை என்றேன். மறுநாள் அந்த அம்மாவே பேசினார்: "பேலன்ஸ் ஷீட்ட அனுப்புங்க, படிச்சுப் பாத்துட்டுப் போடறனுங்க." படிக்க மூன்று நாள் ஆனது. கெடு தாண்டி இரண்டு நாள். நாளொன்றுக்கு நூறு வீதம் இருநூறு ரூபாய் தாமதக் கட்டணம் கட்டினார்கள்.