குரூப் 1: யாரால் காத்திருக்க முடியும்?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட குரூப் 1 அறிவிக்கையில் இருந்தவை 92 இடங்கள். துணை ஆட்சியர் 18, காவல் துணைக் கண்காணிப்பாளர் 26, வணிகவரி உதவி ஆணையர் 25. எஞ்சியவை கூட்டுறவு, ஊரக வளர்ச்சி, வேலைவாய்ப்புத் துறைகளுக்கானவை. முதனிலைத் தேர்வு அவ்வாண்டு நவம்பரில் நடந்தது. முதன்மைத் தேர்வு 2023 ஆகஸ்டில். நேர்முகத் தேர்வு 2024 மார்ச்சில். ஏறத்தாழ 20 மாதங்கள்.

அதற்கு முந்தைய சுற்று இன்னும் நீண்டது. 2020 ஜனவரியில் அறிவிக்கை, 2022 ஜூலையில் இறுதி முடிவு. கரோனா ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், முதனிலைத் தேர்வு 2021 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. முதன்மைத் தேர்வுக்கு மேலும் 14 மாதங்கள் ஆயின. இந்தத் தாமதம் முழுவதையும் பெருந்தொற்றின் கணக்கில் எழுதிவிட முடியாது.

விரைவாக நடத்த முடியாதா என்றால், முடியும். 181 இடங்களுக்கான 2019 தேர்வில் முதனிலை மார்ச்சிலும், முதன்மை ஜூலையிலும், நேர்முகம் டிசம்பரிலும் நடந்தன. 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட 90 இடங்களுக்கும் அடுத்த ஏப்ரலில் முடிவு வந்தது. இந்த முன்னேற்றத்தைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும், ஒரு சுற்றின் வேகம் அடுத்த சுற்றுக்கு உத்தரவாதம் ஆகவில்லை. இடங்களின் எண்ணிக்கையும் 181, 66, 92, 90, 70 என ஏறி இறங்குகிறது. எதை நம்பி ஒருவர் தம் இருபதுகளைத் திட்டமிடுவது?

தாமதம் எல்லோரையும் ஒரேபோல் தாக்குவதில்லை என்பதே இதில் கவலைக்குரியது. வீட்டில் இன்னொரு வருமானம் இருப்பவர் சென்னையில் அறை எடுத்துத் தங்கி மூன்றாவது சுற்றுக்கும் படிப்பார். விவசாயக் கூலியின் மகன் முதனிலையில் வென்ற பிறகும், முதன்மைத் தேர்வு தள்ளிப்போவதைப் பார்த்து, கிடைத்த வேலையில் சேர்ந்துவிடுவார். பெண்களுக்கு நெருக்கடி வேறு வகை. 'இந்த ஒரு தேர்வு மட்டும்' என்று திருமணப் பேச்சை ஒத்திவைத்த பெண், தேர்வே ஒத்திவைக்கப்படும்போது வீட்டாருக்கு என்ன பதில் சொல்வார்? இவர்கள் எந்தத் தேர்விலும் தோற்றவர்கள் அல்லர். அதனால் எந்தப் புள்ளிவிவரத்திலும் வரமாட்டார்கள்.

காத்திருப்புக்கும் பணம் தேவை என்பதை அரசு அறியாமல் இல்லை. 'நான் முதல்வன்' திட்டத்தில் மத்திய குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேருக்கு மாதம் ரூ.7,500 வழங்கும் அறிவிப்பு அந்தப் புரிதலில் பிறந்ததே. மாநிலத்தின் சொந்த அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்கு அந்த நியாயம் இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

வயது வரம்பு உயர்வைச் சலுகையாகவே பேசிப் பழகிவிட்டோம். இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 39 வயது வரை எழுதலாம் என்பது உண்மையில் பலருக்கு வாழ்வளித்திருக்கிறது. ஆயினும் 37 வயதில் காவல் துணைக் கண்காணிப்பாளராகத் தேர்வாகி, வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் பயிற்சிக்குச் செல்பவருக்கு, 60 வயது ஓய்வு வரை எஞ்சுவது 23 ஆண்டுகள். துணை ஆட்சியராகச் சேர்பவர் ஐ.ஏ.எஸ். பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படவே குறைந்தது 8 ஆண்டுப் பணி வேண்டும். மூப்பு வரிசை அதற்குப் பிறகு. 24 வயதில் சேர்ந்தவர் மாவட்ட ஆட்சியராக வாய்ப்பு உண்டு. தாமதமாகச் சேர்ந்தவர், எவ்வளவு திறமைசாலியாயினும், பெரும்பாலும் வழியிலேயே ஓய்வு பெறுகிறார். மாவட்டத்தை ஆளும் நாற்காலியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அமர்வது இவ்வாறும் குறைகிறது.

ஆண்டுத் தேர்வு அட்டவணையில் முதனிலைத் தேதி மட்டுமன்றி, முதன்மை, நேர்முகம், இறுதி முடிவு ஆகியவற்றின் தேதிகளும் இடம்பெற வேண்டும். தவறினால் காரணத்தை எழுத்துபூர்வமாக விளக்கும் கடமை ஆணையத்துக்கு இருக்க வேண்டும். துறைகள் காலியிடங்களைக் குறித்த நாளுக்குள் தெரிவிக்காமல் இழுத்தடிப்பதையும் அரசு கண்டிக்க வேண்டும். ஆணையத்தை மட்டும் குறைகூறுவது சரியன்று.

இன்னொன்று. நேர்முகத் தேர்வுக்கு ஓர் இடத்துக்கு ஏறத்தாழ இருவர் வீதம் அழைக்கப்படுகின்றனர். 750 மதிப்பெண்ணுக்கான முதன்மைத் தேர்வைக் கடந்து வந்தவர்களில் பாதிப் பேர் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். மத்தியத் தேர்வாணையம், இறுதிக் கட்டத்தில் வாய்ப்பிழந்தவர்களின் விவரங்களை அவர்கள் சம்மதத்துடன் பிற நிறுவனங்களுக்குத் தெரிவிக்கிறது. தமிழ்நாட்டிலும் வாரியங்களும் கூட்டுறவு நிறுவனங்களும் பொதுத்துறைக் கழகங்களும் உள்ளன. அந்தப் பட்டியலை அவற்றுக்கு அனுப்புவதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவைப்படாது. ஓர் அரசாணை போதும்.