துடைப்பம் அதேதான், முதலாளி மட்டும் நான்காவது ஆள்!



அடுத்த முறை அரசாங்க மருத்துவமனைக்குப் போகும்போது, வார்டில் தரை துடைத்துக் கொண்டிருக்கும் அம்மாவின் சட்டையைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். மருத்துவமனையின் பெயர் இருக்காது. சுகாதார அமைச்சின் பெயரும் இருக்காது.

எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பட்டணத்துக்கு வந்தவர். 19 ஆண்டுகளாக ஒரே மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறார். எந்த வார்டில் எந்தக் குழாய் ஒழுகும், எந்தக் கட்டிலுக்கு அடியில் ஊசி தவறிக் கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்த 19 ஆண்டுகளில் துணைக் குத்தகையாளர் மூன்று முறை மாறிவிட்டார். சட்டையும் மாறிவிட்டது. இப்போது இருப்பவர் நான்காவது முதலாளி. ஒவ்வொரு முறையும் ஒரு தாளை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் நாளை முதல் வேலை இல்லை" என்றார்கள். போட்டார். அந்தத் தாளின்படி அவர் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்!

இதில் என்ன நஷ்டம், வேலைதான் இருக்கிறதே என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடாந்திர விடுமுறை 8 நாள், 5 ஆண்டைத் தாண்டியவருக்கு 16 நாள். மருத்துவ விடுப்பு புதியவருக்கு 14 நாள், 5 ஆண்டைத் தாண்டியவருக்கு 22 நாள். ஆக, அந்தக் கையெழுத்து ஆண்டுக்கு 16 நாளைப் பறித்துவிட்டது. ஆட்குறைப்பு செய்தால் கொடுக்க வேண்டிய தொகையும் அப்படித்தான். 5 ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம், 2 ஆண்டுக்குக் குறைவானவருக்கு 10 நாள். 19 ஆண்டு என்றால் 380 நாள் சம்பளம். ஓர் ஆண்டுகூட ஆகாதவருக்கு? ஒன்றுமே இல்லை.

சம்பளத்தைக் கேட்கவே வேண்டாம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் ரிம 1,700 ஆனது. அன்று சேர்ந்தவருக்கும் ரிம 1,700, இந்த அம்மாவுக்கும் ரிம 1,700. அரசாங்கம் உயர்த்தினால் உயரும், இல்லையென்றால் அப்படியே நிற்கும். 19 ஆண்டு அனுபவத்தின் விலை பூஜ்யம்.

இது எப்படி வந்தது? முன்பெல்லாம் மருத்துவமனை 'அட்டெண்டன்', துப்புரவு ஊழியர் என்றால் அரசாங்க ஊழியர். சம்பளம் குறைவுதான், ஆனாலும் பென்ஷன் உண்டு. 1996இல் அரசாங்கம் மருத்துவமனை ஆதரவுச் சேவைகளைத் தனியார்மயமாக்கியது. கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு, மருத்துவக் கழிவு, துணி வெளுப்பு, துப்புரவு ஆகிய ஐந்தையும் மூன்று நிறுவனங்கள் 15 ஆண்டுகளுக்குப் பங்கு போட்டுக் கொண்டன. 2015இல் மீண்டும் 10 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. பெரிய நிறுவனம் துணைக் குத்தகையாளருக்குக் கொடுக்கிறது. துணைக் குத்தகையாளர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறார். மாறாமல் இருப்பது துடைப்பம் பிடிக்கும் கைதான்.

தொழில் கைமாறினால், குறையாத சலுகைகளோடு புது முதலாளி வேலை கொடுக்கும்போது பழைய சேவைக்காலம் தொடரும் என்று 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. கேட்டால் என்ன பதில் தெரியுமா? "இங்கே தொழில் கைமாறவில்லை, குத்தகைதான் மாறியிருக்கிறது." பழைய முதலாளி, நான் யாரையும் நீக்கவில்லை, என் ஒப்பந்தம் முடிந்தது என்கிறார். புதிய முதலாளி, உன்னை எனக்கு நேற்றுதான் தெரியும் என்கிறார். மருத்துவமனை நிர்வாகமோ, இவர் எங்கள் ஊழியரே இல்லை என்கிறது. மூவர் சொல்வதும் சட்டப்படி சரி என்றே வைத்துக் கொள்வோம். அப்படியானால் அந்த 19 ஆண்டுகளும் யாருக்காக உழைத்தார்?

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி நம் தலைவர்கள் பேசியே நான் கேட்டதில்லை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு சமத்துவத்தைப் பற்றியது. பொது அதிகார அமைப்பின் கீழ் வேலை கொடுப்பதில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றைக் காட்டிக் குடிமக்களுக்குப் பாகுபாடு கூடாது என்கிறது. அரசமைப்பே அனுமதிக்கும் விதிவிலக்குகள் உண்டு, அது வேறு கதை. ஆனால் தனியார் முதலாளியை இந்தப் பிரிவு கட்டுப்படுத்துமா? கர்ப்பமானதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில், 2005இல் கூட்டரசு நீதிமன்றம் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. யோசித்துப் பாருங்கள். அதே வார்டு, அதே வாளி. அரசாங்க ஊழியராக இருந்தவரை சமத்துவக் கூரையின் கீழ் இருந்தவர், குத்தகைக்குப் போனதும் வெளியே வந்துவிட்டார். யாரும் அவரிடம் சொல்லவுமில்லை.

2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் 69F என்ற பிரிவு வந்திருக்கிறது. வேலையிடப் பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம், உத்தரவை மீறினால் ரிம 50,000 வரை அபராதம். வரவேற்போம். ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று அந்தப் பிரிவு விளக்கவே இல்லை. சூப்பர்வைசர் வேலைக்கு 19 ஆண்டு அனுபவம் உள்ளவரை விட்டுவிட்டு வேறொருவரை எடுத்தால் அது பாகுபாடா, நிர்வாக முடிவா? எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே தெரியாதபோது எப்படி நிரூபிப்பது?

தேர்வு முறை தெரியாத கொடுமை டாக்டர்களையும் விடவில்லை. 2016 டிசம்பர் முதல் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட 23,077 டாக்டர்களில், 2021 நடுப்பகுதி வரை நிரந்தரமானவர்கள் 789 பேர் மட்டுமே. எதன் அடிப்படையில் என்று கேட்டு 2021 ஜூலை 26இல் நாடு முழுவதும் 'ஹர்த்தால்' செய்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2020 ஜூன் 2இல், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக மறியல் செய்தபோது ஐவரைப் போலீஸ் பிடித்துக் கொண்டு போனது. கோவிட் காலத்தில் 'முன்களப் பணியாளர்' என்று கைதட்டிய நாடுதான் இது!

இது இந்தியர் பிரச்சினை மட்டும்தானா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. அதே வார்டில் மலாய்க்கார மக்சிக்கும் இதே கதைதான். ஆனால் தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு வந்த நம் பெண்கள் இந்த வேலையில் இத்தனை பேர் இருக்கும்போது, நாம் பேசாமல் யார் பேசுவது? தொழிலாளர் தினத்தன்று அரிசிப் பையும் சேலையும் கொடுத்துப் படம் எடுத்துக் கொள்கிற தலைவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் குத்தகை ஒப்பந்தத்தை ஒருமுறையாவது படித்தீர்களா?

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தொழிலாளிக்காக அரசாங்கம் எவ்வளவு கொடுக்கிறது, அதில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பதை வெளியிட வேண்டும். குத்தகையாளர் மாறினாலும் சேவைக்காலம் மாறாது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கொடுப்பது மக்கள் வரிப்பணம். அதற்குக் கணக்குக் கேட்பது எப்படித் தவறாகும்? சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. ஆனால் மருத்துவமனை கூட்டரசுக்குச் சொந்தமானது, மாநிலச் சட்டம் அங்கே செல்லாது. ஆகவே கேள்வி நாடாளுமன்றத்தில் எழ வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் அம்மாவோ அக்காவோ மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறாரா? இன்றிரவே அவருடைய பழைய நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இபிஎப் அறிக்கை எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். எந்த முதலாளி எந்த மாதம் சந்தா கட்டினார் என்பது இபிஎப் அறிக்கையில் இருக்கும். அந்த 19 ஆண்டுக்கு அதுதான் சாட்சி. புதுத் தாள் வந்தால் வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடட்டும்.