வானத்தில் ஓரங்கட்ட முடியாது!

கியர் உள்ள காரை எடுத்தால், தெருமுனையைத் தாண்டுவதற்குள் இரண்டு மூன்று முறை கியர் மாற்றிவிடுவோம். ஹெலிகாப்டர் பைலட்டோ கிளம்பியது முதல் இறங்கும்வரை ஒரு முறைகூட மாற்றுவதில்லை. மாற்ற வேறு கியரே அதில் கிடையாது!

நிற்கும் காரை நகர்த்த இழுவை வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு வேகம் வேண்டும். பெட்ரோல் இன்ஜின் இரண்டையும் ஒரே கியரில் தராது. ஆனால், ஹெலிகாப்டரின் விசிறி ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுழலும். மேலே ஏற, பைலட் இறக்கைகளின் சாய்வைத்தான் கூட்டுகிறார்.

அந்த ஒற்றை கியருக்கு வேலை அதிகம். பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் இன்ஜின் தண்டு நிமிடத்துக்குச் சுமார் 21,000 முறை சுற்றுகிறது. விசிறிக்குத் தேவை 258 சுற்றுதான். அதாவது, 80 மடங்கு குறைக்க வேண்டும்!

இன்னொரு வித்தியாசம். மலை இறக்கத்தில் செகண்ட் கியர் போட்டால், இன்ஜினே காரைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். வானத்தில் இன்ஜின் நின்று, அது விசிறியையும் பிடித்துக்கொண்டால் ஆபத்து. அதனால் பெடல் மிதிக்காவிட்டாலும் சைக்கிள் சக்கரம் சுழல்வது போல, விசிறியைத் தனியே சுழலவிடும் அமைப்பு உண்டு. கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுற்ற, பைலட் பத்திரமாக இறக்கிவிட முடியும்.

ஆக, இன்ஜின் நின்றாலும் பிழைக்கலாம். கியர்பாக்ஸ் உடைந்தால்? காரை ஓரங்கட்டி மெக்கானிக்கை அழைக்கலாம். வானத்தில் ஓரம் ஏது?

2016 ஏப்ரல் 29 அன்று, நார்வேயில் எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து கரை திரும்பிய ஹெலிகாப்டரின் விசிறி அப்படியே கழன்று பறந்தது. அதில் இருந்த 13 பேரும் இறந்தார்கள். கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரத்தில் விழுந்த விரிசல்தான் காரணம். தேய்மானத்தில் உதிரும் இரும்புத் துகள்களைப் பிடித்து எச்சரிக்கும் காந்த முனைகள் அதில் இருந்தன. ஆனால், விரிசல் உள்ளுக்குள்ளேயே வளர்ந்தது. எச்சரிக்கை வரும் அளவுக்குத் துகள் உதிரவில்லை.

அதன்பின் அந்த ரகத்தில் பல்சக்கரங்களை இன்னும் சீக்கிரமாக மாற்றவும், துகள் சோதனையை அடிக்கடி செய்யவும் உத்தரவானது. சத்தம் வந்த பிறகு கியர்பாக்ஸைப் பார்ப்பது காருக்குச் சரி. ஹெலிகாப்டரில் சத்தம் வரும் முன்பே பார்த்தாக வேண்டும்.